புனேயின் ஏரவாடாவில் செடி வாங்கப் போகிறீர்களா?

நர்சரியில் முதலில் கண்ணில் படுவது குரோட்டன்ஸும் காகிதப்பூவும்தான். குல்மொஹரே மடகாஸ்கர் மரம். நம் மண்ணின் செடி வேண்டுமென்றால் மராத்தியில் கேளுங்கள்: சரக்கொன்றைக்கு பஹாவா, புங்கனுக்கு கரஞ்ச், நொச்சிக்கு நிர்குடி. பூமருது அங்கே தாமண். மகாராஷ்டிராவின் மாநில மலர்.

வாங்குமுன் பையின் அடியைப் பாருங்கள். வேர் சுருண்டு முறுக்கியிருந்தால், கன்று எவ்வளவு உயரமானாலும் வேண்டாம். முழங்கால் உயரக் கன்றே சீக்கிரம் பிடிக்கும், விலையும் குறைவு.

ஜூனில் மழை பிடித்ததும் நட்டுவிடுங்கள். புனேயில் மழையின் பெரும்பகுதி செப்டம்பரோடு முடிந்துவிடும்; அதற்குள் வேர் ஊன்ற வேண்டும். முரம் எனும் சரளை மண்ணானால் இரண்டடிக் குழி தோண்டி, மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். நாட்டு மரம் தானாக வளரும் என்பது பாதிதான் உண்மை. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும்.

பால்கனி மட்டும்தானா? தொட்டியில் ஒரு கறிவேப்பிலை போதும். இலைமேல் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. மருந்தடிக்காதீர்கள், நாலு இலை போனால் போகட்டும்.

சரக்கொன்றையை விதை போட்டு வளர்ப்பவர்களுக்கு: தோல் கெட்டி. உப்புத்தாளில் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள்.