வட்ட இயக்கம்: பந்தயக் கார்களை ஒப்பிடுதல்

க.பொ.த. உயர்தரம் – பௌதிகவியல்

1998 இல் வெளிவந்த ‘கிராண்ட் பிறீ லெஜன்ட்ஸ்’ என்னும் கணினி விளையாட்டு, 1967 ஆம் ஆண்டின் போர்முலா வண் பந்தயங்களைப் பாவனை செய்கின்றது. அதிலுள்ள லோட்டஸ் 49 போன்ற கார்களுக்குச் செட்டைகள் இல்லை. போர்முலா வண் கார்களில் செட்டைகள் பொருத்தப்படத் தொடங்கியது 1968 இலாகும். செட்டையுள்ள காரைக் கொண்ட வேறொரு விளையாட்டுடன் இதை ஒப்பிட்டால், அதே போன்ற வளைவில் முன்னையது குறைந்த வேகத்திலேயே வழுக்குவதைக் காணலாம். காரணம் என்ன?

1. மையநாட்ட விசை

கிடையான பாதையில் கார் திரும்புவதற்கு வேண்டிய மையநாட்ட விசையை ரயருக்கும் பாதைக்கும் இடையிலான உராய்வே வழங்குகின்றது. உராய்வு எல்லைப் பெறுமானத்தை அடையும்போது,

திணிவு × வேகத்தின் வர்க்கம் ÷ ஆரை = உராய்வுக் குணகம் × செவ்வன் மறுதாக்கம்

செட்டையில்லாத காரில் செவ்வன் மறுதாக்கம் காரின் நிறைக்குச் சமன். எனவே திணிவு இரு பக்கமும் வெட்டுப்படும்.

வேகத்தின் வர்க்கம் = உராய்வுக் குணகம் × புவியீர்ப்பு ஆர்முடுகல் × ஆரை

“பாரமான கார் பாதையை நன்கு பற்றும்; ஆகவே வேகமாகத் திரும்பலாம்” என மாணவர் பலர் எழுதுவர். இது தவறு. உராய்வு கூடுவது போலவே தேவையான மையநாட்ட விசையும் கூடுகின்றது.

2. செட்டையின் பங்கு

செட்டை, வளியின் மூலம் காரைக் கீழ்நோக்கி அழுத்துகின்றது. திணிவு கூடாமலே செவ்வன் மறுதாக்கம் கூடுகின்றது.

உதாரணம்: ஆரை 200 மீற்றர், உராய்வுக் குணகம் 0.8, திணிவு 500 கி.கி., புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 எனக் கொள்க.

(அ) செட்டையின்றி: 0.8 × 10 × 200 = 1600. உயர் வேகம் செக்கனுக்கு 40 மீற்றர் (மணிக்கு 144 கி.மீ.).

(ஆ) செட்டையின் கீழ்முக விசை 2200 நியூற்றன் எனின்: 0.8 × 7200 × 200 ÷ 500 = 2304. உயர் வேகம் செக்கனுக்கு 48 மீற்றர்.

(இ) ஈரப் பாதையில் செட்டையின்றி, குணகம் 0.45 எனின்: 900. உயர் வேகம் செக்கனுக்கு 30 மீற்றர் மாத்திரமே.

3. வழுக்கும் விதம்

முன்சில்லுகள் முதலில் வழுக்கினால், சுக்கானைத் திருப்பியும் கார் போதிய அளவு திரும்பாது வெளிப்புறம் செல்லும். பின்சில்லுகள் முதலில் வழுக்கினால் கார் சுழலும். வளைவினுள் பிரேக் பிடிக்கும்போது முன்சில்லுகளில் செவ்வன் மறுதாக்கம் கூடி, பின்சில்லுகளில் குறைகின்றது. அத்துடன் உராய்வின் ஒரு பகுதி வேகத்தைக் குறைப்பதில் செலவாவதால், திரும்புவதற்கு எஞ்சுவது குறைவு. வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது இதனாலேயே. விளையாட்டில் வழுக்கினால் மீண்டும் தொடங்கலாம். மழை நாளில் வீதியில் செல்லும் மோட்டார் சைக்கிளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கவனிக்க: கார் வெளியே சென்றமைக்கு “மையநீக்க விசை தள்ளியது” என எழுத வேண்டாம். போதிய மையநாட்ட விசை இல்லாமையால் காரால் அவ்வளைவைப் பின்பற்ற முடியவில்லை என எழுதுக.

பயிற்சி: மேலுள்ள வளைவில் எண்ணெய் சிந்தியதால் குணகம் 0.2 ஆகக் குறைந்தது. செட்டையில்லாக் காரின் உயர் வேகத்தைக் கணிக்குக. திணிவு இருமடங்காயின் விடை மாறுமா? காரணம் தருக.

(விடை: செக்கனுக்கு 20 மீற்றர், மாறாது.)