நிறுத்தத் தயங்கும் கை

கேள்வி: நான் செவிலியர் கல்லூரி மாணவி. நெதர்லாந்தில் மருத்துவரே ஊசி போட்டு நோயாளியின் உயிரை முடித்துவைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. வேறு சில இடங்களில், பலனில்லை என்று தெரிந்தும் வென்டிலேட்டரை நிறுத்த மருத்துவர்கள் மறுக்கிறார்கள். படிப்பு ஒன்றுதானே, மனம் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது?

பதில்: படிப்பு ஒன்றுதான் அம்மா. ஆனால் வளர்ந்த வீட்டையும் கும்பிட்ட சாமியையும் எந்த மருத்துவரும் ஐ.சி.யூ. வாசலில் விட்டுவிட்டு வருவதில்லை. 17 ஐரோப்பிய நாடுகளில் 37 தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த 'எதிகஸ்' ஆய்வு இதைக் காட்டியது. யூத, கிரேக்க ஆர்த்தடாக்ஸ், முஸ்லிம் மருத்துவர்கள், புதிய சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதையே அதிகம் செய்தார்கள். தொடங்கியதை நிறுத்தத் தயங்கினார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், சமயம் சாராதவர்களிடம் நிறுத்துவதே கூடுதலாக இருந்தது.

இந்தத் தயக்கத்துக்குச் சட்ட வடிவமே கொடுத்த நாடு இஸ்ரேல். தன் கையால் சாவை விரைவுபடுத்துவது யூத நெறியில் பாவம். அதனால் 2005ஆம் ஆண்டுச் சட்டம், ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டரை நிறுத்த விடவில்லை. ஆனால் அதில் டைமர் பொருத்த வழி செய்தது. குறித்த நேரம் முடிந்தால் கருவி தானே நிற்கும். மறுபடி ஓட்டாமல் இருப்பது 'தொடங்காமல் விடுவது' ஆகிவிடும். இதைச் சந்துபொந்து என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருத்துவரின் மனச்சாட்சியையும் நோயாளியின் வேதனையையும் சேர்த்தே மதித்த ஏற்பாடு அது.

சமயம் மட்டுமே காரணமில்லை. ஜெர்மனியில் நாஜி ஆட்சியில் மருத்துவர்களே பட்டியலிட்டு ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் கொன்றார்கள். அந்த வரலாறு இன்றும் அங்குள்ள மருத்துவர்களை உயிர் முடிக்கும் ஊசியின் முன் தயங்கவைக்கிறது. நெதர்லாந்திலோ ஊசி போட்டு உயிரை முடித்துவைக்கும் முடிவில் பெரும்பாலும் உடனிருப்பவர், பல காலம் பழகிய குடும்ப மருத்துவர். 2002இல் சட்டம் வந்த பிறகும், மனம் ஒப்பாதவர் மறுக்கலாம். எந்த மருத்துவருக்கும் கட்டாயமில்லை.

நம் நாட்டில் உயிர் போக்கும் ஊசி குற்றம். பயனற்ற சிகிச்சையைத் தொடங்காமல் விடவும், தொடங்கியதை நிறுத்தவும் உச்ச நீதிமன்றம் 2018இல் வழி வகுத்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. ஆனாலும் சட்டம் தந்த துணிவு கைக்கு உடனே வந்துவிடாது. ஆகவே நீங்கள் பணியில் சேர்ந்ததும் ஒன்று செய்யுங்கள். வென்டிலேட்டர் பொருத்தும் முன்பே, அது எதற்காக, எத்தனை நாள் பார்ப்பது, தேறாவிட்டால் என்ன செய்வது என்று குடும்பத்தாரிடம் பேசும்படி மருத்துவரைக் கேளுங்கள்.