வண்டு மொய்த்தது நிஜம்தான்!

மதயானையின் கன்னத்தில் வழியும் மதநீரை வண்டுகள் மொய்க்கும் என்று சங்கப் பாட்டுகளில் வருகிறது. தமிழ் ஐயா இதை நடத்தும்போது கடைசி பெஞ்சிலிருந்து, "ஐயா, வண்டு பூவுக்குத்தானே போகும்?" என்று ஒரு குரல். "விலங்கியல் சார்கிட்ட கேளுடா" என்று ஐயா சிரித்துவிட்டார். நான் தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

மதம் பைத்தியமும் அல்ல, நோயும் அல்ல. ஆண் யானைக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறி, ஜோடி தேடுகிற பருவம் அது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள சுரப்பியிலிருந்து அப்போது நீர் வழியும். 2002-ல் 'நேச்சர்' இதழில் ராஸ்முசன் என்ற அமெரிக்க அம்மையாரும், நம் வனத்துறையில் யானை மருத்துவராக இருந்த வி.கிருஷ்ணமூர்த்தியும் இன்னொருவரோடு சேர்ந்து இதைப் பற்றி எழுதினார்கள். (ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை படித்தவர்களுக்கு இந்த டாக்டரைத் தெரியும்.) இளவட்ட ஆசிய யானையின் மதநீர் தேன் மாதிரி மணக்குமாம்! தேனில் உள்ள சில பொருள்களே அதிலும் இருக்கின்றன. அப்புறம் வண்டு சும்மா இருக்குமா?

வயது ஏற ஏற மணம் போய் நாற்றமாகிவிடும். ஃபிரான்டாலின் என்ற பொருள் கூடும். அதை மோந்தால் சின்ன யானை ஒதுங்கிப் போகும். தேன் வாசனை வந்தால், 'சின்னப் பயல்தானே' என்று பெரிய யானை சண்டைக்குப் போகாது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அடிதடி இல்லாமல் வாசனையிலேயே பஞ்சாயத்து!

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகிறவர்கள் கவனிக்க: ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் யானை உண்டு. கன்னத்தில் கறுப்பாய் ஈரக்கோடு தெரிந்தால் வெடி போட்டு விரட்டப் பார்க்காதீர்கள், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பெண் யானை சிறுநீர் மூலம் தகவல் சொல்லும். ஆண் தும்பிக்கை நுனியால் அதைத் தொட்டு, வாய்க்குள் மேலண்ணத்தில் வைக்கும். அங்கே ஜேக்கப்சன் உறுப்பு இருக்கிறது. 1996-ல் அந்தப் பொருளைக் கண்டுபிடித்தபோது எல்லாருக்கும் ஆச்சரியம். 100-க்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் ஆணைக் கூப்பிடப் பயன்படுத்துவதும் அதையேதான்! அந்துப்பூச்சி யானையிடம் ஏமாறுவதில்லை. அது இன்னும் சில பொருள்களைச் சரியான அளவில் கலந்துதான் வெளியிடுகிறது.

இப்படி ரசாயனத்தில் பேசும் பொருளுக்கு ஃபெரோமோன் என்று பெயர். தண்ணீருக்குள்ளும் இது நடக்கிறது. நியூட் என்று ஒரு பிராணி, பார்க்கப் பல்லி மாதிரி, ஆனால் தவளைக்குச் சொந்தம். இந்தியாவில் டார்ஜிலிங் பக்கம் உண்டு, நம்மூரில் கிடையாது. ஜப்பானில் ஆண் நியூட் பெண்ணின் முன்னால் நின்று வாலை விசிறும். அந்த நீரோட்டத்தில் ஃபெரோமோன் போய்ச் சேரும். 1995-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். வெறும் 10 அமினோ அமிலம் கோத்த சரம். 'சோடெஃப்ரின்' என்று பெயர் வைத்தார்கள். பழைய ஜப்பானில் பிரியத்தைக் காட்ட உடையின் கைப்பகுதியை வீசிக் காட்டுவார்களாம், அந்தச் சொல்லிலிருந்து எடுத்தது.

- 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு