துருப்பிடித்த எக்ஸாஸ்டை மாற்றுவது எப்படி?

பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு, 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் எக்ஸாஸ்டை வெளியிலிருந்து அரிக்கிறது. உள்ளிருந்து அரிப்பது தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். கொஞ்ச தூரமே ஓடும் காரில் சைலன்சர் முழுதாகச் சூடேறாததால் அந்த ஆவி உள்ளேயே நீராகத் தங்கிவிடும்.

ஓட்டை விழுந்தால் இரைச்சல் மட்டுமா? வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரலாம். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. எனும் வாகனத் தகுதிச் சோதனையிலும் கார் தேறாமல் போகலாம்.

வாங்கும்போது: சாதா இரும்பு மலிவு, ஆனால் மீண்டும் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 409 ரகத்தில் சுமார் 11% குரோமியம்தான். மேலே துரு படரும். 304 ரகத்தில் சுமார் 18% குரோமியமும் 8% நிக்கலும் இருப்பதால் நெடுநாள் உழைக்கும். கேஸ்கெட், நட்டு, போல்ட், ரப்பர் ஹேங்கர் எல்லாவற்றையும் புதிதாக வாங்குங்கள். கேடலிட்டிக் கன்வர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால், அதற்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் மாற்றினால் போதும்.

1. முந்தைய நாளே, எஞ்சின் ஆறியிருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெயை நட்டுகளில் அடித்து ஊறவிடுங்கள்.

2. சமதளத்தில் காரைத் தூக்கி நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். கீழே போகுமுன் அசைத்துப் பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், துருத்தூள் நேரே கண்ணில்தான் விழும்.

3. நட்டை முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். ஆறுமுனை சாக்கெட் பிடி நழுவாது. அப்படியும் அசையாவிட்டால் நட்டைப் பிளந்து எடுங்கள். கன்வர்ட்டர் பக்கத்து ஸ்டட்டை (நட்டு ஏறும் மரையாணியை) வெட்டிவிடாதீர்கள். எம்எக்ஸ்-5-இல் பெட்ரோல் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே அங்கே நெருப்பும் வேண்டாம், தீப்பொறி பறக்கும் கிரைண்டரும் வேண்டாம்.

4. சைலன்சருக்கு ஜாக்கால் முட்டுக்கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவி ரப்பர்களைக் கழற்றுங்கள்.

5. புதியதை முதலில் ரப்பர்களில் தொங்கவிடுங்கள். கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளில் செம்பு கிரீஸ் தடவி, எல்லா நட்டையும் விரலால் மட்டும் முடுக்குங்கள். பம்பர், அச்சு, பிரேக் ஹோஸ் எதிலும் குழாய் உரசவில்லை என்று பார்த்தபின், முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள்.

6. ஸ்டெயின்லெஸ் குழாயில் பதிந்த கைரேகைகளைத் துடையுங்கள். முதல் சூட்டிலேயே அவை கறையாகிவிடும்.

7. திறந்தவெளியில் எஞ்சினை ஓட்டி, இணைப்புகளில் 'உஸ்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சிறிது தூரம் ஓட்டி ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

புதுக் குழாய் சுலபமாக ஏறிவிடும். நேரத்தைத் தின்பது பழைய நட்டுகள்தான். ஸ்டட் முறிந்துவிட்டால் மல்லுக்கட்டாமல் வெல்டிங் வசதியுள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.