ஆட்டிசமும் அஞ்சல்வழிக் கல்வியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி)

முன்னுரை

வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை பாலாற்றையொட்டிய நம் ஊர்களைத் தோல் தொழில் வாழவைத்துக் கொண்டிருக்கிறது. அப்பா தோல் ஷாப்பிலும் அம்மா ஷூ கம்பெனியிலும் உழைக்கும் வீடுகளிலிருந்து நம்மில் பலர் இக்கல்லூரிக்கு வந்துள்ளோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு அதே குடும்பத்தில் இன்னொரு மாணவியும் உருவானார். அவர் என் பெரியம்மாவின் மகள்; வயது 32; ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் வேலை செய்பவர். அவர் அஞ்சல்வழியில் எடுத்துக்கொண்ட பாடம் ஆட்டிசம். அவருடன் சேர்ந்து நான் கற்றவற்றை இங்கே எழுத முற்படுகிறேன்.

அக்கா படிக்க வந்த காரணம்

அக்காவின் மகனுக்கு மூன்று வயது நிறைந்தும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கமாட்டான். வேண்டிய பொருளைச் சுட்டிக் காட்டாமல், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று அதன்மேல் வைப்பான். வாசலில் கிடக்கும் செருப்புகளை வரிசையாக அடுக்குவான். ஒன்றை நகர்த்தினாலும் வீடு அதிர அழுவான். மருத்துவர் ஆட்டிசம் என்றார். உறவினர்களோ, "பெத்தவ கம்பெனியே கதின்னு கிடந்தா புள்ளைக்குப் பேச்சு எங்கேயிருந்து வரும்?" என்றார்கள். அக்காவும் அதை நம்பினார். வேலையை விட்டுவிடவும் தீர்மானித்தார்.

அந்நிலையில்தான் ஆறு மாதச் சான்றிதழ்ப் பாடம் ஒன்றில் சேர்ந்தார். புத்தகங்கள் தாமதமாக வந்தன. வந்தவையும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்த அக்கா முதல் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அகராதியுடன் அமர்ந்து தமிழில் சொல்ல, அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆட்டிசம் என்பது யாது?

'தான்' எனப் பொருள்படும் 'ஆட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது ஆட்டிசம். சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் பிளாய்லர் 1911-ஆம் ஆண்டையொட்டி இச்சொல்லை வேறொரு மனநோயின் கூறாக வழங்கினார். குழந்தைகளிடம் காணப்படும் தனி நிலையாக இதை விவரித்தவர் அமெரிக்காவின் லியோ கானர். 1943-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 11 குழந்தைகள் இடம்பெற்றனர். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதையொத்த சிறுவர்களைப் பற்றி எழுதினார். தமிழில் இதனை மதியிறுக்கம் என்பாரும் உளர்.

இது தொற்றுநோயன்று, பைத்தியமுமன்று. மூளை வளர்ச்சி வேறுவிதமாக அமைவதால் ஏற்படும் நிலை. பிறரோடு பழகுவதிலும் கருத்துப் பரிமாற்றத்திலும் இடர்ப்பாடு இருத்தல் ஒன்று. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் போன்றவை மற்றொன்று. இவ்விரண்டுமே இதன் அடையாளங்கள். ஒருவரைப் போல் மற்றவர் இருப்பதில்லை. சிலருக்குப் பேச்சே வருவதில்லை. சிலர் பட்டம் பெற்று வேலையிலும் இருக்கின்றனர்.

பழி சுமந்த தாய்மார்

எங்கள் உறவினர் சொன்ன பழியை உலகின் பெரிய மருத்துவர்களும் ஒரு காலத்தில் சொன்னார்கள் என்பதை அறிந்தபோது நாங்கள் இருவரும் திகைத்தோம். பெற்றோரின் அன்பற்ற போக்கைக் கானரே குளிர்சாதனப் பெட்டியோடு ஒப்பிட்டு எழுதினார். சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல் தாய்மார் மீது இப்பழியை மேலும் சுமத்தியது.

இதை முதலில் வலுவாக மறுத்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவர் அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளர். குழந்தை மருத்துவர் அல்லர். தம் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின் கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் தாமே தேடிப் படித்தார். காரணம் உடலியல் சார்ந்தது என்று 1964-இல் நூல் எழுதினார். வயது வந்த ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காகப் படித்த படிப்பு அது!

பின்னர் 1977-இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் ஆகிய இருவரும் இரட்டையர் ஆய்வொன்றை வெளியிட்டனர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இருகரு இரட்டையர் 10 இணைகளில் ஒன்றில்கூட அவ்வாறில்லை. இரு வகையினரும் ஒரே தாயின் வளர்ப்பில் வளர்ந்தவர்களே. வளர்ப்புதான் காரணம் என்றால் இந்த வேறுபாடு தோன்றியிராது. மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகளும் உறுதிசெய்தன.

இந்தப் பகுதியைச் சொன்ன அன்று அக்கா எழுதுவதை நிறுத்தினார். "அப்ப, நான் வேலைக்குப் போனதால இல்லையா?" என்றார். நான் மறுபடியும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "இல்லக்கா" என்றேன். அவர் வேலையை விடவில்லை. விட்டிருந்தால் மகனின் பயிற்சிக்குப் போக்குவரத்துச் செலவுக்கே வழியிருந்திராது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மரபணு என்றவுடன் "எந்தக் குடும்பத்து ரத்தம்?" என்று கேட்பது பழியை வேறு வாசல் வழியாக உள்ளே விடுவதாகும். ஒரே ஒரு மரபணு அன்று, பல மரபணுக்கள் இதில் பங்கு கொள்கின்றன. பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய மாற்றங்களும் சில குழந்தைகளிடம் தோன்றுகின்றன. தடுப்பூசியும் காரணமன்று. அவ்வாறு ஐயம் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றது.

அஞ்சல்வழிக் கல்வியின் பயனும் எல்லையும்

நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கியது. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் தோன்றின. பகலெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் அமர்பவருக்கு இரவு ஒன்பது மணிக்குத் திறக்கும் கல்லூரி இதுவே.

ஆயினும் இதற்கு எல்லை உண்டு. 'குழந்தையின் கவனத்தைப் பின்தொடர்தல்' என்ற வினாவுக்கு அக்கா நல்ல மதிப்பெண் பெற்றார். அன்று மாலையே, மகன் அடுக்கிய செருப்பைக் கலைத்து, பந்து விளையாட வா என்று இழுத்தார்! பயிற்சி மையத்தில் ஒருவர் அருகிலிருந்து பார்த்து, "நீங்களும் அவனோடு உட்கார்ந்து செருப்பு அடுக்குங்கள்" என்று சொன்ன பிறகே அந்த விடையின் பொருள் அவருக்கு விளங்கிற்று.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டுகிறது. நிபுணர் அல்லாத பணியாளர்கள் பயிற்சி பெற்று, பெற்றோருக்கு நேரில் வழிகாட்டினர். பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுத்துப் பழகுவதும், குழந்தை தானே தொடர்புகொள்ள முற்படுவதும் கூடின. வேலூர் பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையமும் குடும்பத்தாரை உடன் தங்கவைத்துச் சிகிச்சை அளிப்பதில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. சிறு சான்றிதழ் பெற்றவர் சிறப்பாசிரியர் ஆகிவிடமாட்டார். அதற்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு தேவை.

சட்டம் தரும் உரிமை

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016-இன் சட்டம் வகுத்த 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. ஆகவே சான்றிதழும் அடையாள அட்டையும் கேட்டுப் பெறுதல் உரிமையாகும்.

முடிவுரை

ஒரு வயதில் பெயருக்குத் திரும்பாமை, ஒன்றேகால் வயதிலும் சுட்டிக் காட்டாமை, இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேசாமை, வந்த பேச்சு மறைதல் ஆகியவற்றைக் கண்டால் 'ஆம்பளைப் புள்ள மெதுவாத்தான் பேசும்' என்று காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் இதனை நாம் தெருத்தெருவாகச் சொல்லலாம். ஆங்கிலப் பாடங்களைத் தமிழில் எழுதித் தரப் பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அக்காவின் மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஆனால் தாகமெடுத்தால் இப்போது குடத்தைச் சுட்டிக் காட்டுகிறான். அக்கா அடுத்த பாடத்திற்கு விண்ணப்பித்துள்ளார். அகராதியை நான் இன்னும் எடுத்து வைக்கவில்லை.