இணையத்தில் கூட்டுக் கல்வி: நம் சங்கங்களுக்கு ஒரு பாடம்

கூட்டுறவு இயக்கம் பொருளை மட்டும் கூட்டிச் சேர்க்கும் இயக்கமன்று. அறிவையும் கூட்டிச் சேர்க்கும் இயக்கமாகும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டில் நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் பங்குபோட்டுச் சிறு கடை ஒன்றைத் திறந்தனர். சில ஆண்டுகளுக்குள் அவர்கள் தம் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கி, படிப்பகமும் நூலகமும் நடத்தலாயினர். 1995ஆம் ஆண்டில் அகில உலகக் கூட்டுறவுக் கூட்டமைப்பு வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது, அங்கத்தினருக்குக் கல்வியும் பயிற்சியும் தகவலும் அளித்தல் என்பதாகும்.

நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இவ்வியக்கம் புதிதன்று. திருமழிசைக்கு அதிகத் தொலைவில்லாத திரூரில் 1904ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிற்று. நாட்டின் முதற் சங்கங்களுள் அதுவும் ஒன்று. அன்று உழவரை வாட்டிய பெருந்துன்பம் கடன். இன்று அதனோடு வேறொன்றும் சேர்ந்துள்ளது. கைப்பேசி வழியே நாள்தோறும் வந்து குவியும் செய்திகளுள் மெய் எது, பொய் எது எனப் பிரித்தறிய இயலாமையே அது. இதற்குரிய மருந்தும் கூட்டுறவு முறையிலேயே இருக்கிறது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. தமிழர் நடத்திய இரு முயற்சிகள்

இணையத்தின் வழியே பலர் கூடி உழைத்து, பயனை யாவருக்கும் பொதுவாக்கும் முயற்சிகளில் தமிழர் பின்தங்கியவரல்லர். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் 'மதுரைத் திட்டம்' தொடங்கப்பெற்றது. பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி, விலையின்றி வழங்குதல் அதன் நோக்கம். பல நாடுகளில் வாழும் தமிழர் தத்தம் இல்லங்களில் இருந்தவாறே ஊதியமின்றி நூல்களைத் தட்டெழுதினர். வேறு சிலர் பிழை திருத்தினர். திருமழிசையாழ்வார் அருளிய நான்முகன் திருவந்தாதியின் 96 பாசுரங்களையும், திருச்சந்தவிருத்தத்தின் 120 பாசுரங்களையும் இன்று திருமழிசைச் சிறுவன் ஒருவன் கைப்பேசியிலேயே காசின்றிப் படிக்க இயலுமாயின், அது இத்தகையோரின் கூட்டுழைப்பால் விளைந்த நன்மையே.

இரண்டாவது முயற்சி, 2003ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம். இதன் தொடக்க ஆண்டுகளில் பெரும்பணி ஆற்றியவர் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். ஒருவராகப் பல ஆயிரம் கட்டுரைகளுக்கு அவர் வித்திட்டார். பின்னர்ப் பலர் வந்து சேர்ந்தனர். 2017ஆம் ஆண்டில் கட்டுரைகளின் தொகை ஓர் இலட்சத்தை எட்டியது. இதில் எழுதுவோர்க்குச் சம்பளமில்லை, படிப்போர்க்குக் கட்டணமில்லை. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம்.

2. எவரும் எழுதினால் பிழை மலியாதோ?

இச்சந்தேகம் நியாயமானதே. விடை அதன் வேலை முறையில் உள்ளது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரலாற்றுப் பக்கம் உண்டு. யார், எந்நாளில், எந்த நேரத்தில், எச்சொல்லை மாற்றினார் என்பது அதில் பதிவாகும். பழைய வாசகம் அழிந்துபோவதில்லை. தவறான மாற்றத்தை எவரும் கண்டு மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். கருத்து மாறுபாடு எழுந்தால் உரையாடற் பக்கத்தில் வாதிட்டு முடிவு காண்பர். கூறிய செய்திக்குச் சான்று காட்ட வேண்டும் என்பது பொது விதி.

இதனினும் தெளிவான முறை, அதே குடும்பத்தைச் சேர்ந்த விக்கிமூலம் என்னும் நூலகத்தில் காணப்படுகிறது. அச்சு நூலின் ஒவ்வொரு பக்கமும் படமாக ஏற்றப்படும். கணினி அதை எழுத்தாக மாற்றித் தரும். அதில் பிழை இருக்கும். ஒருவரும் மெய்ப்புப் பாராத பக்கத்துக்குச் சிவப்பு நிறம். ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியதும் மஞ்சள் நிறம். வேறொருவர் மீண்டும் சரிபார்த்த பின்னரே பச்சை நிறம். மஞ்சளாக்கியவரே அதனைப் பச்சையாக்க இயலாது. சங்கத்தில் கணக்கு எழுதியவரே அதனைத் தணிக்கை செய்யலாகாது என்று நாம் வைத்திருக்கும் விதியும் இதுவும் ஒன்றே அன்றோ?

3. செய்தி பொதுவாயின் உயிர் காக்கும்

நூலறிவுக்கு மட்டுமே இம்முறை பொருந்தும் என எண்ண வேண்டா. 1998ஆம் ஆண்டு முதல் புதுவைப் பகுதிக் கிராமங்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அறிவு மையங்களை நிறுவிற்று. கிராமத்தாரே அவற்றை நடத்தினர். வீராம்பட்டினத்தில், கடல் அலையின் உயரம் பற்றி அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட முன்னறிவிப்பை இணையத்தில் எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியே மீனவருக்கு அறிவித்தனர்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு கிராமத்தார் ஒருவர் சுனாமிச் செய்தியறிந்து, தம் வீட்டாருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை கூறினார். அச்செய்தி அவ்வீட்டோடு நின்றிருக்குமாயின் அவ்வீட்டாரே பிழைத்திருப்பர். மையத்தின் ஒலிபெருக்கி வழியே ஊர் முழுவதும் அது பரவியதால் ஆயிரக்கணக்கானோர் வெளியேறி உயிர் தப்பினர். ஒருவர் அறிந்ததை அனைவரும் அறியச் செய்யும் பொதுச் சாதனம் ஒன்று முன்னரே ஊரில் இருந்தமையே இதற்குக் காரணம் என்பது கவனிக்கத்தக்கது.

4. கைப்பேசிக் குழுக்களின் நிலை

இன்று அங்கத்தினர் பலரும் வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கின்றனர். அவற்றால் நன்மை இல்லாமலில்லை. பூச்சி தாக்கிய இலையைப் படமெடுத்து அனுப்பினால் சில நிமிடங்களில் பத்துப் பேர் பதில் கூறுகின்றனர். ஆயினும் அப்பதில்களைக் கூட்டுக் கல்வி எனக் கொள்வதற்கில்லை. முதலில் கூறியவர் யார் என்பது தெரிவதில்லை. சரிபார்ப்பார் இல்லை. நேற்று வந்த நல்ல செய்தி இன்று வந்த வாழ்த்துச் செய்திகளின் கீழே புதைந்துவிடுகிறது. ஒரு லிட்டர் நீருக்குரிய மருந்தளவு, கைமாறிக் கைமாறிப் பத்து லிட்டர் தெளிப்பானுக்குரியதாக மாறிவிட்டால் பூச்சி சாவதில்லை. பத்து லிட்டருக்குரியது ஒரு லிட்டருக்காகிவிட்டாலோ பயிர் கருகும். நட்டம் அனுப்பியவருக்கன்று, நம்பித் தெளித்தவருக்கே.

திருத்துவாரைப் பகைவராக எண்ணும் வழக்கமும் மாற வேண்டும். திருமழிசையாழ்வாரைப் பற்றிக் குருபரம்பரை கூறும் வரலாறு ஒன்றுண்டு. பேயாழ்வார் செடிகளைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் நீர் வார்த்துக்கொண்டிருந்தாராம். அதைக் கண்ட திருமழிசையார் வாளா செல்லவில்லை. இது பேதைமையன்றோ என்று கேட்டார். அக்கேள்வியிலிருந்து வாதம் பிறந்தது. வாதத்தின் முடிவில் கேட்டவரே மாணாக்கரானார். தவறெனத் தோன்றுவதை வெளிப்படையாகக் கேட்பதும், தக்க விடை வந்தால் ஏற்பதும் கூடிக் கற்பதற்கு அடிப்படையாகும்.

5. சங்கம் செய்யத்தக்கது

ஒவ்வொரு சங்கமும் 'பொது அறிவேடு' ஒன்றைத் தொடங்கலாம். நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதனையே கணினியிலும் ஏற்றிவைத்தல் நன்று. பெருஞ்செலவு இல்லை. பதிவு ஒவ்வொன்றிலும் பின்வருவன இருத்தல் வேண்டும்: நாள், கூறியவர் பெயர், தொழில் நடந்த இடமும் பருவமும், செய்த முறையும் அளவும், கண்ட பலன், சரிபார்த்த மற்றோர் அங்கத்தினரின் கையொப்பம். மழைக்காலத்தில் பாவுக்குக் கஞ்சி எவ்வளவு போட்டால் இழை அறுவது குறைகிறது, எந்த மாதத்தில் எந்தக் கீரைக்கு எந்நோய் வந்தது, சாயம் கரையாதிருக்க என்ன செய்யப்பட்டது என்பன போன்றவை பதிவுக்குரியவை. மருந்தளவு பற்றிய பதிவுகளை மட்டும் வேளாண்மை அலுவலரிடம் காட்டிய பின்னரே பச்சைக் குறியிட வேண்டும். பயன் தராத முயற்சியையும் எழுதிவைத்தல் நலம். மற்றொருவர் அதே நட்டத்தை அடையாதிருக்க அது உதவும்.

முதிய நெசவாளர் பலர் எழுதும் பழக்கமற்றவர். அவர்கள் கூற, இளைஞர் எழுதிக்கொள்ளலாம். தறியில் அமர்ந்து செய்துகாட்டுவதைப் படமாகவும் பிடிக்கலாம். இப்பணி தள்ளிப்போடத்தக்கதன்று. முதியவர் ஒருவர் தறியை விட்டிறங்கும்போது, எழுதிவைக்கப்படாத அவர் கைப்பழக்கமும் உடன் இறங்கிவிடுகிறது.

6. ஓர் எச்சரிக்கை

அறிவனைத்தையும் உலகுக்கு உடனே வெளியிட வேண்டும் என்பதில்லை. சங்க அங்கத்தினர் புதிதாக ஒரு கரையோ புட்டாவோ அமைத்திருந்தால், அதன் படத்தைக் குழுக்களில் பரப்புவதற்கு முன் யோசித்தல் வேண்டும். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புகள் சட்டத்தின்படி, விண்ணப்பத்துக்கு முன்பே வெளியிடப்பட்ட வடிவம் பொதுவாகப் பதிவுக்குத் தகுதி இழக்கும். முதலில் பதிவு, பிறகு படம் என்பதே முறை. தொழில் முறையையும் நோய்த் தடுப்பையும் யாவருக்கும் பொதுவாக்கலாம். விற்பனைக்குரிய புது வடிவைச் சங்கத்தின் உடைமையாகக் காக்கலாம். எது எவ்வகை என்பதைப் பேரவை முடிவு செய்யட்டும்.

7. முடிவுரை

திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் அவர்கள் 2006ஆம் ஆண்டு முதல் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய விதை பெறுவோர், 2 கிலோ பெற்றால் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருதல் வழக்கம். இவ்வொரு விதியால் மறைந்துகொண்டிருந்த நெல் வகைகள் பல மீண்டும் வயலுக்கு வந்தன. அறிவுக்கும் இவ்விதி பொருந்தும். அறிவேட்டிலிருந்து ஒன்றைக் கற்றவர், தாம் கண்டறிந்தவை இரண்டை அதில் எழுதட்டும். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி நம் நிகர லாபத்தில் ஒரு பகுதி கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செல்கிறது. பணத்தால் செலுத்தும் அப்பங்கோடு, அனுபவத்தால் செலுத்தும் பங்கும் சேருமாயின் ஐந்தாவது கொள்கை ஏட்டளவில் நில்லாது.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. மஞ்சள், பச்சைக் குறி முறையை நம் சங்கத்தில் எப்பதிவுகளுக்குப் பயன்படுத்தலாம்? சரிபார்க்கத் தக்கவர் யாவர்?

2. சென்ற மாதம் கைப்பேசியில் வந்த தொழிற்செய்திகளுள் ஒன்றை எடுத்துக்கொள்க. அதை முதலில் கூறியவர் யார், அளவு சரியா, எங்குச் செய்து பார்க்கப்பட்டது என ஆராய்க.

3. நம் சங்கத்தில் எவரெவருடைய தொழிலறிவை இவ்வாண்டுக்குள் எழுதிவைத்தல் அவசியம்? அப்பொறுப்பை ஏற்பவர் யார்?

4. பொதுவாக்கத் தக்கவை எவை, சங்கத்தின் உடைமையாகக் காக்கத் தக்கவை எவை எனப் பட்டியல் அமைக்க.