செஞ்சந்தனத்தை அறிய டி.என்.ஏ. பட்டைக்குறி

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பாகத்தில், சேஷாசலம், வெலிகொண்டா முதலிய குன்றுகளில் வளரும் செஞ்சந்தனம், இந்தியாவிலன்றி வேறெங்கும் இயற்கையாய்க் காணப்படாத விருக்ஷமாகும். இதன் வயிரத்திற்காகத் திருட்டுத்தனமாய் வெட்டப்படுவதால் இது அருகி வருகின்றது. 1995-ம் வருஷம் இது சைட்டீஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதுமுதல் இதன் வெளிநாட்டு வர்த்தகம் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. பட்டா நிலத்தில் இதைப் பயிரிடுவோரும் வன இலாகாவின் விதிகளை அனுசரித்தே விற்க வேண்டும். ஆகவே, ஒரு கட்டை எம்மரத்தினது என்பதை ஐயமற அறிவது காட்டிற்கும் குடியானவருக்கும் ஒருங்கே அவசியமாகின்றது.

கண்ணால் அறிதல்

நிற்கும் மரத்தை அறிவதில் சிரமமில்லை. செஞ்சந்தனத்தின் கூட்டிலையில் பெரும்பாலும் 3 சிற்றிலைகளும், அதே பேரினத்தைச் சேர்ந்த வேங்கையில் 5 முதல் 7 சிற்றிலைகளும் இருக்கும். அறுத்த கட்டையிலும் பொடியிலும் இவ்வடையாளங்கள் இல்லை. ஆனைக்குன்றிமணியின் சிவந்த கட்டையைச் செஞ்சந்தனத்திற்குப் பதிலாக விற்பதும் உண்டு. கட்டையின் அமைப்பை நுண்ணோக்கியால் பார்த்தால் பேரினம் புலப்படுமேயன்றிச் சிற்றினம் பல சமயங்களில் தெளிவாவதில்லை.

பட்டைக்குறி முறை

உயிரணுக்களிலுள்ள டி.என்.ஏ., நான்கே எழுத்துக்களாலான நீண்ட வாசகம் போன்றது. அதில் குறித்ததொரு சிறு பாகத்தின் எழுத்து வரிசையைக் கொண்டே பிராணிகளின் சிற்றினத்தை அறியலாமென்று, கனடாவிலுள்ள குவெல்ஃப் சர்வகலாசாலையின் பால் ஹீபர்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் 2003-ல் எடுத்துரைத்தனர். அப்பாகம் தாவரங்களில் மிக மெதுவாய் மாறுவதால் அவற்றிற்கு உதவவில்லை. எனவே 2009-ல், பசுங்கணிகத்திலுள்ள ஆர்.பி.சி.எல்., மேட்-கே என்னும் 2 மரபணுக்கள் தாவரங்களுக்கென்று சிபாரிசு செய்யப்பட்டன. இவ்விரண்டும் சேர்ந்து 100-க்கு 72 சிற்றினங்களையே பிரித்துக் காட்டின. ஆதலால் ஐ.டி.எஸ்.2 போன்ற பிற பாகங்களையும் சேர்த்துப் பரிசோதிப்பது வழக்கமாயிற்று.

கிடைத்த வரிசையை, தாவர சாஸ்திரிகள் பெயர் நிர்ணயித்த மரங்களின் வரிசைகளோடு ஒப்பிட வேண்டும். அம்மரங்களின் இலையும் பூவும் அழுத்தி உலர்த்தப்பட்டுச் சான்றாகப் பாதுகாக்கப்படும். மூலச் சான்றில் பெயர் பிழைபட்டால் விடையும் பிழைபடும்.

மாதிரி எடுத்தல்

1. இளந்தளிர் உத்தமம். அதைச் சிலிக்கா ஜெல்லிட்டு விரைவில் உலர்த்துக. ஒவ்வொரு மரத்திற்கும் தனி உறை வேண்டும்.

2. கட்டையாயின் மேற்புறத்தைச் செதுக்கி நீக்கி, வயிரத்தைச் சூழ்ந்த வெளிறு இருப்பின் அதையே எடுக்க. வயிரத்தில் டி.என்.ஏ. சிதைந்து குறைந்திருப்பதோடு சாயப் பொருள்களும் பரிசோதனைக்கு இடையூறு செய்யும்.

3. ஒவ்வொரு மாதிரிக்கும் முன் கத்தியைச் சுத்தம் செய்க. இடத்தையும் தேதியையும் உறையின்மேல் எழுதுக.

இம்முறையின் எல்லை

பட்டைக்குறி மரம் இன்னதென்று கூறும். எங்கே வெட்டப்பட்டது என்று கூறாது. காட்டில் திருடிய கட்டைக்கும் பட்டா நிலத்துக் கட்டைக்கும் விடை ஒன்றே. ஆதலின் செஞ்சந்தனம் நடும் குடியானவர்கள் நாற்று வாங்கிய ரசீது, நட்ட வருஷம், சர்வே எண், மரங்களின் தொகை ஆகியவற்றை ஆரம்பத்திலேயே பதிவு செய்து காப்பாற்ற வேண்டும். வயிரம் முற்றப் பல பத்து வருஷங்கள் செல்லும். நட்டவரின் மக்கள் வெட்டும் காலத்தில், மரம் இன்னதென்பதற்குப் பரிசோதனையும், அது அவர்களுடையதென்பதற்கு அப்பதிவுகளுமே சாட்சியாக நிற்கும்.